லோடே இல்லாம ஏனுங்க இப்படிக் காயுது? ஆறு ஃபேஸ் மோட்டாரும் என்ற பிரிடிக்டிவ் கண்ட்ரோலும்

இது காலேஜ் ப்ராஜெக்ட் இல்லீங்க, மொதல்லயே சொல்லிடறேன். கோயமுத்தூர் கணபதில ஒரு தகர ஷெட்டுல விஎஃப்டி (மோட்டார் வேகத்தை ஏத்தி எறக்கற டிரைவு) சர்வீஸ் பண்றவன் நான். மில்லுங்கள்ல இருந்து செத்துப்போன டிரைவுங்க வரும், ஐஜிபிடி (கரண்டை வேகமா போட்டு அணைக்கற பவர் சுவிட்ச்) மாத்தி, கெப்பாசிட்டர் மாத்தி, ஃபேன் மாத்தி தாட்டி விடுவேன், பொழப்பு அவ்வளவுதான். வருசக்கணக்கா இதையே பாத்துப் பாத்து ஒரு விசயம் உறுத்திட்டே இருந்துச்சு. உள்ள இருக்கற ஆறு ஐஜிபிடில ஒண்ணே ஒண்ணு போனாலும், மீதி அஞ்சும் கல்லு மாதிரி நல்லா இருந்தும் மோட்டார் நின்னு போயிருது, மில்லுக்காரரு போன் மேல போன் போட்டு உசுர வாங்கறாரு. மூணு ஃபேஸ்ல ஒண்ணு போனா மீதி ரெண்டை வெச்சு ஒழுங்கா ஓட்ட முடியாது (நியூட்ரலை வெளிய எடுத்து கட்டியிருந்தா ஒரு வழி இருக்கு, ஆனா யாரு எடுக்கறா). ஃபேஸ் ஆறா இருந்தா?

அன்னூர்ல எங்க பெரியப்பாகிட்ட இதைச் சொன்னப்ப அவருக்கு ஒரே சந்தோசம், ஏன்னா அவரு போர் மோட்டார் சிங்கிள் ஃபேசிங்ல (லைன்ல ஒரு ஃபேஸ் போயி) ரெண்டு தடவ வெந்திருக்கு. இல்லீங் பெரீப்பா, லைன்ல ஃபேஸ் போறதுக்கு இது மருந்தில்ல, அதுக்கு ஒரு பிரிவென்டர் போட்டாலே போதும், இது டிரைவுக்குள்ள மோட்டாருக்கு கரண்டை மாத்திக் குடுக்கற இன்வெர்ட்டர்ல ஒரு காலு (ஒரு ஃபேசுக்கான மேல், கீழ் ஐஜிபிடி ஜோடி) ஒடைஞ்சா நொண்டிக்கிட்டாவது ஓடறதுக்குன்னேன். அவருக்கு அத்தோட சுவாரசியம் போயிருச்சு.

ஐடியா பழசுதான். 1969-லயே வார்டு, ஹேரர்னு ரெண்டு பேரு அஞ்சு ஃபேஸ் இண்டக்ஷன் மோட்டாரை இன்வெர்ட்டர்ல ஓட்டிப் பாத்து எழுதிட்டாங்க. பிரிட்டன் நேவியோட டைப் 45 கப்பல்ல புரொப்பல்லரை சுத்தற மோட்டார் ஒவ்வொண்ணும் 20 மெகாவாட், 15 ஃபேஸ். ஜி.டி.நாயுடு 1937-ல மோட்டார் செஞ்ச ஊருல, தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை இருக்கற ஊருல, நான் ஏறி எறங்குன நாலு கடைலயும் ஆறு ஃபேஸ்னு சொன்னதும் சிரிச்சாங்க. கடைசில ரத்தினபுரில நமக்கு ரொம்ப நாளா பழக்கமான வைண்டர் அண்ணன்தான் "கொண்டாங்க தம்பி, கம்பிதான, எப்படி சொல்றீங்களோ அப்படி சுத்திட்டாப் போச்சு"ன்னாரு.

மோட்டார் எடுத்தது உக்கடத்துல, பழைய இரும்புக்கடைல. 2 எச்பி, 960 ஆர்பிஎம், 36 ஸ்லாட் (காயில் உக்கார்ற பள்ளம்). எனக்கு வேண்டியது ரெண்டு மூணு-ஃபேஸ் செட்டு, நடுவுல 30 டிகிரி தள்ளி (எலக்ட்ரிக்கல் டிகிரி, ஒரு ஏசி சைக்கிளுக்கு 360), அதுக்கு இந்த 960-தான் முக்கியம். சாதாரணமா கெடைக்கற 4 போல் 1440 மோட்டார் 36 ஸ்லாட்ல வந்தா ஸ்லாட்டுக்கு ஸ்லாட்டு 20 டிகிரி, அதுல 30 டிகிரி எங்க இருந்து எடுக்கறது. 6 போல்னா ஸ்லாட்டுக்கு சரியா 30 டிகிரி. ஒரு போலுக்கு ஒரு ஃபேசுக்கு ரெண்டு ஸ்லாட்டு வரும், அந்த ரெண்டும் பக்கத்து பக்கத்துல 30 டிகிரி தள்ளி இருக்கும். அந்த ஜோடியைப் பிரிச்சு மொதல் காயிலை ஒரு செட்டுக்கும் ரெண்டாவதை இன்னொரு செட்டுக்கும் குடுத்துட்டா ரெண்டு மூணு-ஃபேஸ் வைண்டிங், நடுவுல 30 டிகிரி வித்தியாசம், ரெண்டு ஸ்டார் பாயின்ட்டும் (மூணு ஃபேசும் ஒண்ணா சேர்ற முனை) தனித்தனி. பழைய கேஜ் கம்பியே போதும், சுத்தும் மாத்த வேண்டாம், ஒரு ஃபேசுக்கு ஆறு காயில் இருந்த எடத்துல இப்ப மூணு, அதனால 240 வோல்ட் வேண்டிய எடத்துல 120 போதும். சிங்கிள் ஃபேஸ் 230-ஐ ரெக்டிஃபை பண்ணா வர்ற 325 வோல்ட் டிசி அதுக்கு சரியா இருக்கும், நம்ம ஷெட்டுல அதுதான் கைக்கு வாகு.

காகிதத்துல இவ்வளவு அழகா இருந்துச்சுங்களா, சுத்தி வந்த மோட்டார்ல 30 டிகிரியே இல்ல.

எப்படிக் கண்டுபுடிச்சேன்னா, மொத செட்டுக்கு மூணு ஃபேஸ் வேரியாக்ல (வோல்டேஜை திருகி ஏத்தி எறக்கற டிரான்ஸ்ஃபார்மர்) இருந்து கொஞ்சமா வோல்டேஜ் குடுத்து வெறும் மோட்டாரை ஓட விட்டுட்டு, ரெண்டாவது செட்டுல என்ன வோல்டேஜ் தெரியுதுன்னு ஸ்கோப்புல பாத்தேன். நேரா ஸ்கோப்பை மாட்டாதீங்க, கிரவுண்டு கிளிப்பு வெடிக்கும். ஒரே மாதிரி ரெண்டு சின்ன 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டு அதோட செகண்டரியைப் பாத்தேன். 50 ஹெர்ட்ஸ்ல 30 டிகிரின்னா 1.67 மில்லிசெகண்ட் தள்ளித் தெரியணும். ரெண்டு அலையும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி உக்காந்திருக்கு, ஒரு மயிரிழை கூட தள்ளல.

வண்டியெடுத்துட்டு பொழுதோட ரத்தினபுரிக்கு போனேன். "ஏனுங்ணா, காயிலை எப்படிப் போட்டீங்க?" "எப்பவும் போடறாப்புலதான் தம்பி, 1-8, அதுக்குள்ள 2-7." அங்கதாங்க விசயம், அந்த நம்பரெல்லாம் காயிலோட ரெண்டு பக்கமும் உக்கார்ற ஸ்லாட்டு நம்பர். கான்சென்ட்ரிக். பெரிய காயிலுக்குள்ள சின்ன காயில், கிண்ணத்துக்குள்ள கிண்ணம் மாதிரி. மூணு ஃபேசுக்கு அதுவே சரி, ஓவர்ஹேங்கும் (ஸ்லாட்டுக்கு வெளிய நிக்கற காயில் முனை) நீட்டா படுக்கும். ஆனா 1-8-க்கும் 2-7-க்கும் நடு ஒண்ணுதான், 4-க்கும் 5-க்கும் மத்தியில. ரெண்டையும் பிரிச்சு ரெண்டு செட்டுக்கு குடுத்தா ரெண்டு செட்டும் ஒரே தெசையைப் பாத்துட்டு நிக்கும். 1-7, 2-8-னு ஒரே பிட்ச்ல (காயிலோட ரெண்டு பக்கத்துக்கும் உள்ள தூரம்) போட்டாத்தான் நடுவே ஒரு ஸ்லாட்டு நகரும். தப்பு அவரு மேல இல்ல, நான்தான் கனெக்ஷன் படம் மட்டும் குடுத்துட்டு பிட்சை எழுதல. வார்னிஷ் அடிச்சு காஞ்சுபோன காயிலை வெட்டி எடுத்து மறுபடி சுத்தறதுன்னா காப்பர் விக்கற வெலைல வயிறு எரியுது. ரெண்டாவது தடவ ஓவர்ஹேங் கூடை பின்னுனாப்புல குண்டா வந்துச்சு, அண்ணன் மரச்சுத்தியல்ல தட்டித் தட்டி படுக்க வெச்சாரு, எண்ட் கவரு ஒரசாமப் போச்சு. ஸ்கோப்புல 1.7 கிட்ட வந்ததைப் பாத்தப்பதான் சோறு எறங்குச்சு.

இன்வெர்ட்டரைப் பத்தி சுருக்கமாவே சொல்லிடறேன். இன்வெர்ட்டர் ஏசி அவுட்டோர் போர்டுல வர்ற 600 வோல்ட் ஐபிஎம் மாட்யூல் (ஐஜிபிடியும் அதை ஓட்டற சர்க்யூட்டும் ஒண்ணா அடைச்சது) ரெண்டு, ஒண்ணொண்ணும் மூணு காலு. கண்ட்ரோலுக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸோட எஃப்28379டி லாஞ்ச்பேட் போர்டு, 200 மெகாஹெர்ட்ஸ். கரண்ட் சென்சார் நாலு போதும், ஸ்டார் பாயின்ட் தனித்தனியா இருக்கறதால செட்டுக்கு ரெண்டு அளந்தா மூணாவது கணக்குல வந்துரும். மொதல்ல சல்லிசா கெடைக்குதேன்னு ஏசிஎஸ்712 சென்சார் சிப்பு போட்டேன், நாய்ஸ் தாங்கல, லெம் கம்பெனி சென்சாருக்கு மாறுனேன். மொத தடவ பவர் குடுக்கறப்ப டிசி லைன்ல சீரியலா ஒரு 100 வாட் குண்டு பல்பு போட்டே குடுத்தேன், இது எங்கப்பா ரேடியோ ரிப்பேர் பண்ற காலத்துல சொல்லிக்குடுத்தது, இன்னிக்கு வரைக்கும் எத்தனையோ மாட்யூலைக் காப்பாத்தியிருக்கு.

இப்ப பிரிடிக்டிவ் கண்ட்ரோலுக்கு வாரேன். வழக்கமான டிரைவுல பிஐ லூப்பு (கரண்ட் எவ்வளவு பிசகுதுன்னு பாத்து திருத்தற கணக்கு) ஒரு வோல்டேஜ் கேக்கும், பிடபிள்யூஎம் (ஐஜிபிடியை வேகமா போட்டு அணைச்சு சராசரி வோல்டேஜ் எடுக்கற வழி) அதை செஞ்சு குடுக்கும். இதுல அந்த ரெண்டும் கெடையாது. ஆறு காலு, ஒவ்வொண்ணும் ஒண்ணு மேல இல்லாட்டி கீழ, ஆக இன்வெர்ட்டர் நிக்க முடிஞ்ச நெலை மொத்தமே 64, அதுலயும் மோட்டாருக்கு வேற வேறயாத் தெரியறது 49-தான். ஒவ்வொரு 100 மைக்ரோசெகண்டுக்கும் கரண்டை அளந்து, இந்த நெலையைப் போட்டா அடுத்து கரண்ட் எங்க போகும், அந்த நெலையைப் போட்டா எங்க போகும்னு 49-ஐயும் மோட்டார் மாடல்ல ஓட்டிப் பாத்து, நமக்கு வேண்டிய கரண்டுக்கு எது கிட்ட வருதோ அதை எடுத்துப் போடு. அவ்வளவுதான் சூத்திரம். இதே ரெண்டு செட்டு, 30 டிகிரி மோட்டார்ல இதை ஓட்டிக் காட்டி ஸ்பெயின்ல செவில்லா பல்கலைக்கழகத்துக்காரங்க 2009-ல எழுதியிருக்காங்க. முரட்டுத்தனமான வழிதான், ஆனா 200 மெகாஹெர்ட்ஸ்ல 100 மைக்ரோசெகண்டுக்கு 20,000 சைக்கிள் இருக்கு, அப்புறமா ஒரு பின்னை மேல கீழ ஆட்டி ஸ்கோப்புல அளந்தப்ப எனக்கு 49-ம் சேந்து கால்வாசி நேரத்துக்குள்ள முடிஞ்சிருச்சு.

ஒரு சூதானம் வேணும். அளந்து, கணக்குப் போட்டு முடிக்கறதுக்குள்ள கரண்ட் நகந்துரும். காந்திபுரத்துல பஸ்ஸு நகர ஆரம்பிச்சப்பறம் நின்ன எடத்தைப் பாத்து ஓடுனா ஏற முடியுமா, நாம போய்ச் சேர்றப்ப அது எங்க இருக்கும்னு பாத்துத்தான ஓடணும். அதனால, இப்ப போட்டிருக்கற நெலையால அடுத்த சாம்பிள்ல கரண்ட் எங்க இருக்கும்னு மொதல்ல கணக்குப் பண்ணி, அங்க இருந்து அதுக்கு அடுத்த சாம்பிளுக்கு 49-ஐ ஓட்டணும். இதை விட்டுட்டு ஓட்டுனேன், மோட்டாருக்குள்ள சல்லிக்கல்லைப் போட்டு உலுக்குனாப்புல ஒரு சத்தம். ரோட்டார் கரண்டை அளக்க வழியில்ல, அதை போன சாம்பிள்ல மாடல் சொன்னதுக்கும் நெசத்துக்கும் உள்ள வித்தியாசத்துல இருந்து தேத்திக்கறேன், சுமாரா வேலை செய்யுது.

எல்லாம் சரி பண்ணி, ரெண்டாவது செட்டு லீடை வரிசை மாத்திக் குடுத்ததுல ஒரு நாளும் போயி, ஒரு ஞாயித்துக்கிழமை வெடியால மோட்டார் சுத்துச்சுங்க. ஸ்பீடு கேட்டது வருது, லேப்டாப்புல ஆல்ஃபா-பீட்டா கரண்ட் (டார்க் குடுக்கற, அதாவது மோட்டாரைச் சுத்த வெக்கற பங்கு) வட்டம் போட்டு நிக்குது, காம்பஸ்ல வரைஞ்ச மாதிரி. வைண்டர் அண்ணனைக் கூப்ட்டு காட்டுனேன். அவரு ஸ்கிரீனைப் பாக்கவே இல்ல. பாடி மேல கைய வெச்சாரு, சித்தெ நேரம் வெச்சிருந்தாரு, எடுத்தாரு. "ஏனுங் தம்பி, லோடே இல்லாம ஏன் இப்படிக் காயுது?"

கிளாம்ப் மீட்டர் (ட்ரூ ஆர்எம்எஸ், இல்லாட்டி இந்த அலைக்கெல்லாம் பொய் சொல்லும்) போட்டா 4.1 ஆம்பியர். இந்த மோட்டாரோட ஃபுல் லோடு கரண்டே 3.7 தான். வெறும் மோட்டாருக்கு 2.2 வந்தா ஞாயம். ஆனா கண்ட்ரோலரோ நான் கேட்டதை எழுத்து பிசகாம குடுத்துட்டு இருக்குது. அப்ப மீதி கரண்ட் எங்க?

ஆறு ஃபேஸ்ல இதுதாங்க மூணு ஃபேஸ்ல இல்லாத பூதம். ஸ்டார் பாயின்ட் தனியா இருந்தா ஆறு கரண்டுல சுதந்திரமானது நாலு. அதுல ரெண்டு ஆல்ஃபா-பீட்டா, டார்க் குடுக்கறது. மீதி ரெண்டுக்கு எக்ஸ்-ஒய்னு பேரு, ஜாவோவும் லிப்போவும் 1995-ல இந்தப் பிரிப்பை எழுதுனாங்க. எக்ஸ்-ஒய் கரண்டு ஒரு துளி டார்க்கும் குடுக்காது, ரோட்டாருக்கு அது இருக்கறதே தெரியாது, ஸ்டாட்டர் காயிலுக்குள்ளயே சுத்தி சுத்தி வந்து சூடு மட்டும் பண்ணும். அதைத் தடுக்கறதுக்கு ஸ்டாட்டர் லீக்கேஜ் இண்டக்டன்சும் (ரோட்டாரைத் தொடாத காந்தப்புலத்தால வர்றது) கம்பியோட ரெசிஸ்டன்சும் மட்டுந்தான். என்ற மோட்டார்ல அந்த லீக்கேஜ் பல்ஸ் குடுத்து அளந்தப்ப 8 மில்லிஹென்ரி கிட்ட.

நான் என்ன பண்ணியிருந்தேன்னா, நேரம் மிச்சம் பண்றேன்னு 49-ஐ விட்டுட்டு ஆல்ஃபா-பீட்டால பெருசா இருக்கற 12-ம் ஜீரோவும் (மோட்டாருக்கு வோல்டேஜே போகாத நெலை) ஆக 13 மட்டும் வெச்சு ஓட்டியிருந்தேன், காஸ்ட் ஃபங்ஷன்லயும் (எந்த நெலை கிட்ட வருதுன்னு மார்க் போடற கணக்கு) ஆல்ஃபா-பீட்டா மட்டுந்தான். அந்தப் பெரிய வெக்டர் (ஒரு நெலை குடுக்கற வோல்டேஜோட அளவும் தெசையும் சேந்தது) ஒவ்வொண்ணும் எக்ஸ்-ஒய் பக்கம் டிசி வோல்டேஜ்ல 0.173 பங்கு தள்ளும். 325-க்கு 56 வோல்ட். 8 மில்லிஹென்ரில 56 வோல்ட்டை 100 மைக்ரோசெகண்டு குடுத்தா 0.7 ஆம்பியர் ஏறும், ஒரே சாம்பிள்ல. அதை எறக்கச் சொல்லி யாரும் கேக்கல, ஏன்னா நான் கேக்கவே இல்லையே. கூலி பேசாத வேலையை யாரு செய்வா.

சரின்னு 49-ஐயும் போட்டு, காஸ்ட்ல எக்ஸ்-ஒய் எரரையும் லாம்டான்னு ஒரு வெயிட் குடுத்து சேத்தேன். 2.9-க்கு எறங்குச்சு. லாம்டாவை ஏத்துனா எக்ஸ்-ஒய் அடங்கும், ஆல்ஃபா-பீட்டா வட்டம் முள்ளு முள்ளா போகும், எறக்குனா தலைகீழா. ஒரு ராத்திரி முழுக்க அந்த ஒரு நம்பரைத் திருகிட்டே உக்காந்திருந்தேன், ஒரு ஸ்பீடுல நல்லா வர்றது இன்னொரு ஸ்பீடுல வரல. இந்த லாம்டா வேலை எனக்குப் புடிக்கவே இல்லீங்க, உப்பு போடற கணக்கு மாதிரி, கைப்பக்குவம்னு சொல்லிக்கலாமே தவிர கணக்குன்னு சொல்ல முடியாது.

அப்புறம் புடிச்சதுதான் வர்ச்சுவல் வெக்டர். பெரிய வெக்டர் ஒவ்வொண்ணுக்கும் ஆல்ஃபா-பீட்டால அதே தெசைல 0.471 அளவுல நடுத்தர வெக்டர் ஒண்ணு இருக்கு. எக்ஸ்-ஒய்ல பாத்தா இந்த ரெண்டும் நேர் எதிரெதிர் தெசை, பெருசு 0.173, நடுத்தரம் 0.471. அப்ப 100 மைக்ரோசெகண்டுல 73.2 பெருசுக்கும் 26.8 நடுத்தரத்துக்கும் குடுத்தா எக்ஸ்-ஒய்ல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சு சராசரி ஜீரோ. கிணத்துல இறைக்கறப்ப ஒருத்தன் இழுக்க இன்னொருத்தன் விட்டா வாளி நின்ன எடத்துலயே நிக்குமே, அப்படி. ஆல்ஃபா-பீட்டால கெடைக்கறது 0.598, பெரிய வெக்டரோட 0.644-ஐ விட கொஞ்சம் கம்மி, ஆனா 120 வோல்ட் மோட்டாருக்கு அதுவே தாராளம். இப்படி 12-ம் ஜீரோவும் மட்டும் வெச்சுட்டு, லாம்டாவைத் தூக்கிக் கடாசிட்டேன். கிளாம்ப்புல 2.4. மீதி இருக்கற 0.2 டெட் டைமாலயும் (மேலயும் கீழயும் ஒண்ணா ஆன் ஆகாம விடற சின்ன இடைவெளி) ரெண்டு செட்டுக்கு நடுவுல இருக்கற சின்ன வித்தியாசத்தாலயும் வர்றதுன்னு நெனைக்கறேன், ஏன்னா இதுல எக்ஸ்-ஒய்யை யாரும் அளந்து திருத்தறதில்ல, சராசரியை நம்பி விட்டிருக்கு. அண்ணன் மறுபடி கைய வெச்சு பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, டீ சொன்னாரு.

நடுவுல இன்னொரு இம்சை. மெதுவா ஓட்டுனா ஐபிஎம் ஃபால்ட் அடிக்கும், வேகமா ஓட்டுனா ஒண்ணும் இல்ல. கரண்ட் அதிகமில்ல, சூடும் இல்ல. ரெண்டு நாள் கழிச்சுதான் ஒறைச்சுது. மேல் ஐஜிபிடிக்கு கேட் சப்ளை பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர்ல இருந்து, அது சார்ஜ் ஆகறது கீழ் ஐஜிபிடி ஆன் ஆகறப்ப மட்டும். பிடபிள்யூஎம்ல ஒவ்வொரு சைக்கிளும் கீழ ஆன் ஆகும், கவலையில்ல. இங்க எந்த நெலை கிட்ட வருதோ அதைத்தான் எடுக்குது, மெதுவா சுத்தறப்ப பெரும்பாலும் ஜீரோவைத்தான் எடுக்கும், நான் ஜீரோன்னா எல்லாம் மேலன்னு எழுதி வெச்சிருந்தேன். கெப்பாசிட்டர் வத்தி அண்டர்வோல்டேஜ். எல்லாம் கீழன்னு ஒரே ஒரு வரி மாத்துனதும் போயிருச்சு.

கடைசியா எதுக்கு ஆரம்பிச்சமோ அது. லோடுக்கு உக்கடத்துல கிலோ கணக்குல வாங்குன ஒரு பழைய டிசி மோட்டாரை கப்ளிங் போட்டு ஜெனரேட்டரா ஓட்டி, மரப்பலகைல வரிசையா 100 வாட் பல்பு எரிய விட்டிருந்தேன். அரை லோடுல ஓடறப்ப மொத செட்டு ஏ ஃபேசோட ஃபியூசுக்கு சீரியலா வெச்சிருந்த சுவிட்சை அணைச்சேன். மோட்டார் நிக்கல. ஆனா பல்பு வரிசை மொத்தமும் மாரியம்மன் கோயில் நோம்பி சீரியல் செட்டு மாதிரி மினுக்கு மினுக்குன்னு மினுக்குது, மோட்டார் ஒறுமுது. கண்ட்ரோலர் ஆறு ஃபேசும் இருக்கறதா நெனைச்சுட்டு இல்லாத ஃபேசுக்கும் வெக்டர் எடுத்துட்டு இருக்கு.

காகிதத்துல எழுதிப் பாத்தா அந்த ஃபேஸ் கரண்ட்ங்கறது ஆல்ஃபாவும் எக்ஸும் கூட்டுனது. ஃபேஸ் அறுந்துருச்சுன்னா கூட்டுத்தொகை ஜீரோ, அதாவது எக்ஸ் இனிமே ஆல்ஃபாவுக்கு மைனஸாத்தான் இருந்தாகணும், வேற வழியே கெடையாது. வர்ச்சுவல் வெக்டரோ எக்ஸை ஜீரோல நிறுத்தறதுக்கே பொறந்தது. அப்ப ஃபால்ட் வந்ததும் அதை விட்டுட்டு, நான் கடாசுன அதே 49-ம் லாம்டாவும், எக்ஸ் ரெஃபரன்ஸ் (கேக்கற கரண்ட்) மைனஸ் ஆல்ஃபா, ஒய் ஜீரோ, மாடல்ல அந்தக் காலு இல்லைன்னு திருத்தம். புடிக்காதவனையே திரும்ப வேலைக்குக் கூப்ட்ட கதை. நல்லவேளை பழைய கோடை அழிக்கல.

மறுபடி சுவிட்சை அணைச்சப்ப பல்பு ஒரு தடவ கண்ணடிச்சுது, அப்புறம் நின்னு எரிஞ்சுது. உத்துப் பாத்தா லேசா ஒரு நடுக்கம் இருக்கு, பழைய மினுக்கல் இல்ல. ரெண்டாவது செட்டு கரண்ட் சட்டுனு ஏறுது, அதனால அஞ்சு ஃபேஸ்ல ஓடறப்ப லோடை ஏறக்குறைய பாதிக்கு எறக்கணும், இல்லாட்டி மீதி கம்பி வேகும். ஃபேஸ் அறுந்ததை இப்போதைக்கு நான் சுவிட்ச் போட்டு சொல்லிக் குடுக்கறேன், அதுவா கண்டுபுடிக்கறதை இன்னும் எழுதல. அஞ்சு ஃபேஸ்ல நின்ன எடத்துல இருந்து கெளப்பறதும் இன்னும் தகராறுதான், நாலு தடவைல ஒரு தடவ ஃபால்ட் அடிக்குது, பூட்ஸ்ட்ராப்பு மேலதான் சந்தேகம், மேல் பக்கத்துக்கு தனித்தனி ஐசொலேட்டட் சப்ளை வாங்கி வெச்சிருக்கேன்.

அண்ணன் பல்பு வரிசையைப் பாத்துட்டே இருந்துட்டு "ஏந் தம்பி, இவ்வளவு கரண்டையும் வெளிச்சமா கரைக்கறதுக்கு ஒரு கிரைண்டரை மாட்டுங்க, மாவாவது ஆவும்"னாரு. டேபிள் டாப் இல்லீங்க, பழைய டில்டிங், அவரு ஊட்டுல சும்மாதான் கெடக்குதாம், ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வர்றேன்னிருக்காரு.